இயல்புத் தோள்

தோள்வலி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்து வருவார்கள். வலிக்கிற கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் கொண்டுவருவது போல. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருடங்களாக அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் டாக்டர் தமயந்தி. எந்தத் தோள், எவ்வளவு வலி என்பதைப் படம் எடுக்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடுவாள்.

மிருதுளா அப்படி வரவில்லை. வலது கையைச் சும்மா தொங்கவிட்டிருந்தாள். அது யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் போல இருந்தது. அவளுக்கு முன்னால் அவள் அம்மா கோகிலா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, விறுவிறுவென்று.

"நீங்களும் உள்ள வரணும்னா தாலிக்கொடியில மாட்டியிருக்கற ஊக்கையெல்லாம் கழட்டணும்ங்க" என்றாள் ரெஜினா. ஈரோட்டில் அந்த ஸ்கேன் மையம் திறந்த நாளிலிருந்து எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்குகிறவள் அவள்தான். "அத்தனையும் இரும்பு. மெஷின் காந்தம் இழுத்துக்கும்."

"ஊக்கு இல்லாம நான் எங்க போறது? அவசரத்துக்கு வேணும்ல."

"அப்ப அவசரத்தோட வெளியவே உக்காருங்க."

கோகிலா வெளியே போகவில்லை. கதவைப் பிடித்தபடி தமயந்தியைப் பார்த்தாள். "டாக்டரம்மா, ஜவ்வு மட்டும் பாத்தா பத்தாதுங்க. தடமும் போட்டுக் குடுத்துருங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை நிச்சயம்."

மிருதுளா திரும்பிப் பார்க்கவில்லை. காதிலிருந்த கம்மலை ஒரு கையாலேயே கழற்றப் போராடிக்கொண்டிருந்தாள்.

ரெஜினா அவளைப் படுக்கவைத்து, தோள் மேல் அந்தப் பிளாஸ்டிக் கவசத்தைப் பூட்டி, போர்வையை இழுத்துவிட்டாள். இயந்திரம் தட்டத் தொடங்கியது. தமயந்திக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. சொல்லப்போனால் அது இல்லாத வீட்டில்தான் அவளுக்குச் சற்றுத் தடுமாற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் மிக்சியில் எதையாவது போட்டு அரைத்துக்கொண்டிருப்பாள்.

திரையில் தோள் வந்தது. காக்கை மூக்கு போல வளைந்த எலும்பு முனையிலிருந்து கை எலும்புக்குப் போகிற தசைநார் தடித்து, கயிறு முறுக்கினாற்போல இறுகியிருந்தது. வலி பொய்யில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட இவளால் முடியாது. தமயந்தி தடித்த பாகத்தை அளந்து குறித்துக்கொண்டாள்.

அடுத்து தடம். நார்களின் ஓட்டம் நிறம் நிறமாகத் திரையில் விரிந்தது. ரெஜினா மெல்ல உதட்டைக் குவித்தாள்.

"தலை, மேடம்."

"ம்."

"பெரிய ஆள் தலை. ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும். நீட்டி வெச்ச கை மேல." ரெஜினா நாற்காலியில் சாய்ந்தாள். "வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்த மாதிரிதான்."

தமயந்தி அந்தப் படத்தையும் சேமித்தாள்.

இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் நினைத்துத் தொடங்கவில்லை. தோள்வலிக்குக் காரணம் தேடுவதற்காகக் கண்டுபிடித்த வழி அது. தசைநார் தன் மேல் வந்த பாரத்தை மறப்பதில்லை. எந்தப் பக்கம் இழுக்கப்பட்டதோ அந்தப் பக்கமாக வருடக்கணக்கில் தன்னை நெய்துகொள்கிறது. அந்த நெசவைப் படித்தால் இந்தக் கை மூட்டை சுமந்ததா, தறி ஓட்டியதா, பேருந்துக் கம்பியில் தொங்கியதா என்று தெரியும். தெரிந்தால் வைத்தியம் சுலபம். அவ்வளவுதான் நோக்கம்.

பிறகு யாரோ ஒரு பெண்ணின் படத்தில், நீட்டிய கை மேல் இரவெல்லாம் கிடந்த ஒரு தலையின் பாரத்தை யாரோ ஒரு டாக்டர் படித்துச் சொன்னார். அதற்கப்புறம் ஊர் அந்தப் படத்தை விடவில்லை. ஜாதகத்தோடு தோள் படமும் கை மாறியது. பொருத்தம் பார்க்கிறவர்கள் முதலில் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தைப் பார்த்தார்கள். 'இயல்பு' என்று வந்தால் சம்பந்தம். 'விலகல்' என்று வந்தால் விலகல்தான். ஒருமுறை பதிவில் ஏறினால் எந்த ஊர் மையத்தில் போய் எடுத்தாலும் பழையதும் சேர்ந்து வரும். பையன்களுக்கும் எடுக்கலாமே என்று ஒரு சிலர் கேட்டுப் பார்த்தார்கள். "அவன் பைக் ஓட்டறவன், தடம் கலங்கிப் போயிருக்கும்" என்று பதில் வந்தது. பெண்களும் வண்டி ஓட்டுகிறார்களே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை.

மிருதுளா உடை மாற்றிக்கொண்டு தமயந்தியின் அறைக்குத் தனியாக வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுதுங்களா?"

"தசைநார் நல்லா இறுகியிருக்கு. பயிற்சி செஞ்சா ஏழெட்டு மாசத்துல விட்டுக்குடுக்கும். ஊசி தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்."

"அது இல்லீங்க டாக்டர்."

"அதுவும் தெரிஞ்சுது."

மிருதுளா மேசை மேலிருந்த பிளாஸ்டிக் தோள் எலும்பைப் பார்த்தாள். "யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். வலி எப்ப ஆரம்பிச்சுது, அதை மட்டும் சொல்லு."

"பெங்களூரை விட்டு வந்த பிறகு. அவன் வேற ஊருக்குப் போயிட்டான். சண்டையெல்லாம் இல்ல. போயிட்டான், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கை சும்மா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் தலை சீவலாம்னு தூக்கறேன், ஏறவே இல்ல." சிரிக்கப் பார்த்தாள். "எங்க பெரியம்மா சின்ன மகன் என்கூடத்தான் தூங்குவான்னு சொல்லலாம்னு நெனச்சு வந்தேன். பெரிய ஆள் தலைன்னு தெரிஞ்சிரும்ங்களா?"

"தெரியும்."

"ரெண்டு மூணு தலையணை?"

"மிருதுளா."

"சும்மா கேட்டேன்ங்க." அவள் முகம் சட்டென்று வயது குறைந்து போனது. "டாக்டர், எனக்கு இந்தக் கல்யாணம் வேணுமான்னு கேட்டா தெரியல. பையன் நல்லவனாத்தான் தெரியறான். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன். ஆனா அதை நான் சொல்லணும். என் ஜவ்வு சொல்லக்கூடாது."

தமயந்தி பேனாவை மூடினாள், திறந்தாள். இந்த நாற்காலியில் அழுத பெண்கள் உண்டு. காலில் விழ வந்த தகப்பன்கள் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும்: நான் எழுதுவதில்லை, இயந்திரம் ஒப்பிடுகிறது, நான் கையெழுத்து மட்டும்தான் போடுகிறேன். இந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருந்ததால் அந்த வாக்கியம் வரவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா? நான் படிச்சது புள்ளியியல். விலகல்னு சொன்னா எதுல இருந்து விலகல்? ஆயிரம் பேரு, ரெண்டாயிரம் பேரு சராசரிங்களா?"

"இல்ல. ஒரே ஒரு தோள்."

"ஒண்ணா?"

"பாரமே ஏறாத தோள் ஒண்ணு வேணும்னு தேடினோம். சராசரி எடுத்தா ஆயிரம் பாரத்தோட சராசரிதானே வரும், பூச்சியம் வராதே. நர்ஸுகளை எடுத்தோம், நோயாளியைத் தூக்கின தடம். காலேஜ் பொண்ணுங்களை எடுத்தோம், தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்திருக்காங்க. எங்கேயும் கிடைக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் கிடைச்சுது."

சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். ஒரு பேராசிரியர், ஒரு பொறியாளர், அவள். "நீங்கதான் ஒரு தடவை படுத்துப் பாருங்களேன் தமயந்தி" என்று பேராசிரியர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் படுத்தாள். அம்மா முகம் அவளுக்கு நினைவில்லை. அப்பா அவளை ஐந்து வயதில் விடுதியில் சேர்த்தார். அங்கிருந்து இன்னொரு விடுதி, அங்கிருந்து கல்லூரி விடுதி. இரும்புக் கட்டில், ஒருவருக்கு ஒரு கட்டில். அவள் வெளியே வந்தபோது பொறியாளர் திரை முன்னால் குதித்துக்கொண்டிருந்தார். "மேடம், வெள்ளைத்தாள்! ஒரு கோடு கிடையாது!" மூவரும் கைதட்டினார்கள். கேன்டீனிலிருந்து போண்டா வரவழைத்தார்கள். அவளும் சிரித்தாள், இரண்டு போண்டா சாப்பிட்டாள். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். வேலை முடிந்த களைப்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் மிருதுளாவிடம் அவள் இத்தனை விரிவாகச் சொல்லவில்லை. "அது என் தோள்" என்று மட்டும் சொன்னாள். மற்றதை அந்தப் பெண்ணே முகத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மிருதுளா மேசை மேலிருந்த பிளாஸ்டிக் எலும்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்படின்னா" என்றாள் மிருதுளா, "கல்யாணம் ஆகாத பொண்ணுங்க எல்லாம் உங்கள மாதிரி இருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லல. மெஷின் சொல்லுது."

"மெஷினுக்கு யாருங்க சொன்னது?"

சொன்ன பிறகு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க. உங்களப் புண்படுத்தணும்னு சொல்லல."

"தெரியும்" என்றாள் தமயந்தி. உண்மையில் புண்படவில்லை. எங்கோ வெகுநாளாக மரத்துப்போன இடத்தில் ஒருவர் விரலால் அழுத்தினால் முதலில் வலிக்காதே, அப்படி இருந்தது.

கோகிலா காத்திருக்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்காரவில்லை. "டாக்டரம்மா, ஒரே ஒரு வார்த்தைதானுங்க. உங்க பேனாவுல இருக்குது. எங்க சனத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஒம்பது ஊருக்குப் போயிரும். இவளுக்கு அப்பறம் ஒரு கேக்கற ஆளு வராது."

"அம்மா, போதும்."

"நீ சும்மா இரு அம்மிணி. நீ சும்மா இருந்திருந்தா இங்க ஏன் வந்து நிக்கறோம்?"

"பொய் எழுத மாட்டேன்ங்க" என்றாள் தமயந்தி. "வியாழக்கிழமை சாயந்திரம் வாங்க. ரிப்போர்ட் தர்றேன்."

கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள். பின்னால் போன மிருதுளா நின்றாள். "என்ன செய்யப் போறீங்க டாக்டர்?"

"உன் படத்தை நான் எடுத்துக்கலாமா? பேர் இருக்காது. ஆனா ஊர்ல இருக்கற எல்லாத் தோளையும் இனிமே அதோடதான் ஒப்பிடுவாங்க."

புள்ளியியல் படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்கள் பெரிதாயின. "நான் பூச்சியமா?" என்றாள். பிறகு, முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "எடுத்துக்கங்க."

அது தமயந்தியால் முடிகிற காரியம்தான். ஒவ்வொரு ஆண்டும் இயல்புத் தோளை உறுதி செய்து ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று விதி. பேராசிரியர் காலமாகிவிட்டார். பொறியாளர் கனடாவில் பேரன்களோடு இருக்கிறார். மிஞ்சியவள் அவள். பழைய படம் மங்கல், புது இயந்திரத்தில் எடுத்த ஒன்றை மாற்றித் தாருங்கள் என்று மென்பொருள் நிறுவனம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் தள்ளிப்போட்டு வந்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் துல்லியம், தொடர்ச்சி என்று ஏதாவது சொல்லியிருப்பாள். மங்கலாக இருந்தாலும் இருபத்தொன்பது வயதுத் தமயந்தி ஒருத்தி அங்கே எல்லோருக்கும் அளவுகோலாகப் படுத்திருக்கிறாள் என்பது, யாருக்கும் சொல்ல முடியாத ஒரு மாதிரியான துணையாக இருந்தது. எத்தனையோ லட்சம் தோள்கள் தினமும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போயின.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, படத்தை மாற்றினாள். கணினி உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்றாள்.

வியாழக்கிழமை மிருதுளாவின் ரிப்போர்ட்டில் 'இயல்பு. விலகல் ஏதுமில்லை' என்று வந்தது. அதில் பொய்யே இல்லை. தன்னோடு தன்னை ஒப்பிட்டால் யாருக்குத்தான் விலகல் வரும்? கோகிலா அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். நிச்சயம் நடந்தது. மூன்று வாரம் கழித்து மிருதுளாவே மாப்பிள்ளைப் பையனைக் கூப்பிட்டுப் பேசி, நிதானமாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பயிற்சிக்கு வந்தபோது அவளே சொன்னாள். சொல்லும்போது கை காது வரைக்கும் ஏறியது.

ஊரில் முதலில் கொஞ்சம் குழப்பம். இத்தனை நாள் விலகல் என்றிருந்தவர்கள் புதிதாய்ப் படம் எடுத்தால் இயல்பு என்று வந்தது. மறு ஒப்பீட்டில் பழைய பதிவுகளும் மாறின. தமயந்திக்கு அந்த வாரங்களில் நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் இயல்பு என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கவில்லை. அந்தச் சொல் வேண்டும், அவ்வளவுதான். இப்போது வேறு சில தோள்களுக்கு அது கிடைக்கவில்லை. அவற்றுக்கு இயந்திரம் 'பாரக் குறைவு' என்று எழுதியது. பெண்ணைப் பெற்றவர்கள் பதறிப்போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இரவல் வாங்கிவந்து மகள்களின் கையில் தூங்கவைத்தார்கள். "ஒரு பச்சப்புள்ளையைக்கூடத் தூக்காத கை, குடும்பத்தை எங்க தூக்கப் போகுது?" என்று முன்பு தடத்தைப் பழித்த அதே வாய்கள் பேசின.

"நம்ம மெஷின் வேலையே இதுதான் போல மேடம்" என்றாள் ரெஜினா. "யாரையாவது அழவெச்சாத்தான் அதுக்குக் கரண்ட் ஏறுது."

தமயந்தி அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போகாமல் வெகுநேரம் அறையிலேயே இருந்தாள். ஒரு தோளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தது தவறா, அல்லது எந்தத் தோளையாவது வைத்ததே தவறா என்று நினைத்துப் பார்த்தாள். நிறுவனத்துக்கு எழுதினாள்: தட ஒப்பீட்டை நிறுத்திவிடுங்கள், வைத்தியத்துக்கு அது வேண்டியதில்லை. வாடிக்கையாளர்கள் விரும்பும் சேவை அது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது.

அப்புறம் ஒரு நாள் கீர்த்தனா வந்தாள். கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவள், துணைக்கு யாரும் இல்லாமல் வந்திருந்தாள். தானே கம்மலைக் கழற்றி, தானே பையில் போட்டு, தானே அதை லாக்கரில் வைத்தாள். இடது தோள். இறுக்கம் பலமாகத்தான் இருந்தது. தடத்தைப் பார்க்க வேண்டாம் என்று தமயந்தி நினைத்தும், அது திரையில் தானாக வந்து நின்றது. ஒரு கோடு கிடையாது.

"பாரக் குறைவுங்களா?" என்றாள் கீர்த்தனா, உட்காரும்போதே. "போன மாசம் சேலத்துல எடுத்ததுலயும் அதான் வந்துச்சு. இந்த வயசுல ஒரு இடம் வந்துச்சுங்க. சம்சாரம் இல்லாதவரு, ஒரு பொண்ணு இருக்கு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவரோட அக்கா படத்தைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. இன்னொரு தடவை எடுத்துக் காட்டினா யோசிக்கறாங்களாம்."

அவள் குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பாடம் தொடங்குகிற குரல். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அதனால ஒரு சந்தேகம் கேக்கலாம்னு வந்தேன். ஒரு தலை எத்தனை கிலோ இருக்குமோ அந்த எடையை ஒரு பையில கட்டி, தினம் கை மேல வெச்சுப் படுத்தா தடம் விழுங்களா? எத்தனை மாசம் ஆகும்?"

தமயந்தி கண்ணாடியைக் கழற்றினாள். "விழாதுங்க."

"ஏன்? எடை எடைதானே?"

"தலை மூச்சு விடும். புரளும். கை வலிச்சு நாம இழுத்துக்கிட்டா, தூக்கத்துலயே திரும்பத் தேடி வரும். நாமும் நம்மை அறியாமலே கொஞ்சம் தூக்கிக் குடுப்போம். அந்த நார் இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் வளைஞ்சு குடுக்கும். மூட்டை அப்படியே கிடக்கும். படத்துல கல்லு வெச்ச மாதிரி தெரியும், தடம்னு மெஷின் எடுத்துக்காது."

கீர்த்தனா தலையாட்டினாள். பிறகு, பரீட்சைத் தாளில் சந்தேகம் வந்த ஆசிரியை போல, "இதை யாராவது ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்களா, இல்ல நீங்க உத்தேசமா சொல்றீங்களா?" என்றாள்.

வெளியே ரெஜினா யாரையோ ஊக்கைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்திருக்கேன்" என்றாள் தமயந்தி. "அரிசி. தலையணை உறைக்குள்ள போட்டு வாயைத் தைச்சு. ஒரு மழைக்காலம் முழுக்க."

சொன்னதும் தன் குரல் இப்படியும் இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போண்டா சாப்பிட்ட அந்த ஆண்டு அது. யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட இத்தனை தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை.

கீர்த்தனா அவளையே பார்த்தாள். கண்களில் ஏதோ எழும்பி, தயங்கி, வேறு வழியாக வெளியே வந்தது.

"சாப்பாட்டு அரிசியா, இட்லி அரிசியா?"

"இட்லி அரிசி."

"அது உருண்டையா இருக்கும்ங்க. படியவே படியாது. சாப்பாட்டு அரிசின்னா கொஞ்சம் குழைஞ்சு குடுக்கும்."

இருவரும் சிரித்தார்கள். தமயந்திக்குக் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க முயன்று இன்னும் அதிகமாயிற்று. ரெஜினா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியபின் தமயந்தி எழுந்து மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள்.

"சரி, கையைக் காட்டுங்க. எது வரைக்கும் ஏறுதுன்னு பாப்போம்."

ஒரு கையால் கீர்த்தனாவின் முழங்கையைத் தாங்கினாள். இன்னொரு கையைத் தோள் மேல் வைத்தாள். மெல்ல உயர்த்தினாள். இறுகிய நார் எங்கே மறிக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிந்தது.

"வலிச்சா சொல்லுங்க."

வலிக்க வேண்டிய இடம் வந்தது, தாண்டியது. கீர்த்தனா ஒன்றும் சொல்லவில்லை. தமயந்தியும் கையை எடுக்கவில்லை.